கல் எத்தனை, இடைவெளி எத்தனை? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு நிரலாளரின் பதில்கள்

கல்லூரியில் நிரல் எழுதப் படிக்கும் என் மகள், வரிசையில் முதலாவதாக இருப்பதன் எண் பூஜ்யம் என்கிறாள். முதலாவது என்றாலே ஒன்றுதானே? நிரலாளர்கள் ஏன் ஊரோடு ஒத்துப்போகாமல் எண்ணுகிறீர்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

மகள் சொல்வது சரி, அம்மா. நீங்கள் கேட்பதும் நியாயம். அவள் எண்ணவில்லை, தூரம் சொல்கிறாள். குழப்பம் தீர அது ஒன்று புரிந்தால் போதும்.

கணினியின் நினைவகத்தை, ஒரே பக்கமாக வீடுகள் உள்ள ஒரு நீண்ட தெருவாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெயர்களை அடுத்தடுத்த பத்து வீடுகளில் குடிவைத்தால், முதல் வீடு எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே கணினி குறித்துக்கொள்ளும். மற்ற வீடுகளுக்கெல்லாம் 'அங்கிருந்து எத்தனை வீடு தள்ளி' என்று கணக்கிட்டுத்தான் போகும். மூன்று வீடு தள்ளி இருப்பது நான்காவது வீடு. அப்படியானால் முதல் வீடு எத்தனை வீடு தள்ளி இருக்கிறது? பூஜ்யம். 'சி' என்ற நிரல் மொழியில் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணைப் போட்டால், 'தொடக்க முகவரியோடு இதைக் கூட்டி, அங்கே இருப்பதை எடுத்து வா' என்பதுதான் அதன் முழுப் பொருள்.

எல்லா மொழிகளும் இப்படி இல்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்துதான் எண்ணும். மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவையும் அப்படியே. கணிதப் புத்தகங்களில் அணிகளின் வரிசைகளை ஒன்றிலிருந்து எண்ணிப் பழகிய விஞ்ஞானிகளுக்காக வந்தவை அவை.

நான் பூஜ்யத்தின் பக்கம். காரணத்தை நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டில் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில் விளக்கியிருக்கிறார். 2 முதல் 12 வரை உள்ள எண்களைக் குறிக்க நான்கு வழிகள் உண்டு. அவற்றில், தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதுவதே சிறந்தது என்கிறார் அவர். அதாவது '2இல் தொடங்கி, 13க்கு முன் நிறுத்து'. 13இலிருந்து 2ஐக் கழித்தால் 11. எண்களும் சரியாகப் பதினொன்றுதான். அடுத்த பகுதி, இந்தப் பகுதி நின்ற 13இலேயே தொடங்கலாம். நடுவில் எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது. இதே முறையில் பத்துப் பொருட்களுக்கு எண் கொடுத்தால் '0இல் தொடங்கி, 10க்கு முன் நிறுத்து' என்று அழகாக அமையும்.

டாக்டர் 10 முதல் 11 வரை ஒரு குழுவையும் 11 முதல் 12 வரை மறு குழுவையும் பார்க்கிறார் என்றால், 11 மணிக்கு டோக்கன் வாங்கியவர் இரண்டாம் குழு என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டெய்க்ஸ்ட்ரா எழுதியதும் அதே வழக்கம்தான்.


பக்கத்துக்கு 100 அடி வீதம் ஒரு சதுர மனை வாங்கியிருக்கிறேன். பத்து அடிக்கு ஒரு கல் நட்டுக் கம்பிவேலி போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 11 கல் வீதம் 44 என்று நான் கணக்குப் போட்டேன். கல் நடுபவர் 40 போதும் என்கிறார். குறைத்துச் சொல்லிப் பிறகு கூடுதலாகக் கேட்பாரோ?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

அவரை நம்புங்கள். நாற்பதுதான்.

ஒரு பக்கத்துக்கு 11 என்று நீங்கள் போட்டதும் தப்பில்லை. 100 அடி நீளத்துக்கு நேர்க்கோட்டில் நட்டால் பத்து இடைவெளிக்கு 11 கல் வேண்டும். ஆனால் வேலி உங்கள் மனையைச் சுற்றி வந்து, தொடங்கிய கல்லிலேயே முடிகிறது. நான்கு மூலைக் கற்களையும் நீங்கள் இருமுறை எண்ணிவிட்டீர்கள். சுற்றளவு 400 அடி, இடைவெளி 40, கல்லும் 40.

இதில் மூன்று நிலைகள் உண்டு. இரு முனையும் திறந்திருக்கும் நேர்க்கோட்டில், இடைவெளியைவிடக் கல் ஒன்று கூடும். வட்டமாகச் சுற்றி வந்தால் இரண்டும் சமம். இரு முனையிலும் ஏற்கனவே சட்டமோ சுவரோ இருந்தால் ஒன்று குறையும். மூன்றாவதற்கு உதாரணம் ஜன்னல் கிரில். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வைத்தபோது பட்டறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு அடி அகலச் சட்டம். கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 4 அங்குலம். 48ஐ 4ஆல் வகுத்தால் 12 இடைவெளி. அதற்கு 11 கம்பி. பட்டறைக்காரர் இந்த வகுத்தலைப் போடவே இல்லை. இடைவெளி அளவுக்கு வெட்டி வைத்திருந்த மரத்துண்டைச் சட்டத்தின் ஓரத்தில் பொருத்தினார், அதை ஒட்டி முதல் கம்பியை நிறுத்தினார், இரண்டு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார், மரத்துண்டை எடுத்துக் கம்பியின் மறுபக்கம் பொருத்தினார். கடைசி மரத்துண்டு எதிர்ச் சட்டத்தில் சரியாகப் போய் முட்டியது. கம்பியை அவர் எண்ணவில்லை. இடைவெளியைக் கையிலேயே பிடித்திருந்தார். நிரலாளர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தெளிவு வாய்த்தால் எங்கள் அலுவலகங்களில் இரவு விளக்குகள் சீக்கிரம் அணையும் என்று மனதார நினைத்தேன்.

ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதுமான இந்தப் பிழைதான் எங்கள் தொழிலில் மிகப் பழையது. அலுவலக விடுப்புக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 10ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை விடுப்பு என்றால் ஐந்து நாள். அதே 10ஆம் தேதி விடுதியில் தங்கி 14ஆம் தேதி அறையைக் காலி செய்தால் நான்கு இரவு வாடகை. முன்னதில் எண்ணுவது நாள், பின்னதில் இரண்டு நாளுக்கு நடுவே வரும் இரவு.

மனைக்கு வருகிறேன். மூலைக் கல் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் சாய்வாகத் தாங்குகல் வைப்பார்கள். அது எட்டு. நாற்பதில் அது சேராது. கேட் எங்கே வருகிறது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். 12 அடி கேட் வைத்தால் பத்தடிக் கணக்கு அந்த இடத்தில் உடையும்.


'இன்றைக்கு எட்டாம் நாள்' என்று எங்கள் பாட்டி சொன்னால் அடுத்த வாரம் இதே கிழமை. ஆனால் வாரத்துக்கு ஏழு நாள்தானே?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பாட்டி இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிறார். இன்று ஒன்று, நாளை இரண்டு. அப்படியே போனால் அடுத்த வாரம் இதே கிழமை எட்டு. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் நம் வீடுகளில் நாள் எண்ணுவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடப்பதைப் 'பதினைந்து நாளுக்கு ஒருமுறை' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றே சொல்கிறார்கள். பாட்டு வகுப்பில் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை எட்டு ஸ்வரம் பாடினாலும் ஏறும் படிகள் ஏழுதான்.

இந்த வழக்கம் ஒரு பேரரசின் காலண்டரையே கலைத்துப்போட்டிருக்கிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் ரோமானியக் காலண்டரைச் சீர்திருத்தி, நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்ட ஏற்பாடு செய்தார். இரண்டே ஆண்டில் கொலையுண்டார். காலண்டரைப் பராமரித்த பூசாரிகள் பாட்டியைப் போலத் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்றாண்டுக்கு ஒருமுறை லீப் ஆண்டு வைத்தார்கள். 36 ஆண்டுகளில் ஒன்பது வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்துவிட்டது. பிறகு அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளைத் தவிர்க்கச் சொல்லிக் கணக்கை நேராக்கினார்.

பாட்டியின் எண்ணிக்கையைத் திருத்தாதே. வெளியூர்க்காரருக்கு நாள் சொல்லும்போது மட்டும் தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்.


அப்பா பிறந்தது 1964, குரோதி ஆண்டு. அவருக்கு அறுபது தொடங்கியபோதே மணிவிழா வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். அறுபது முடிந்துதானே செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

முடிந்துதான். பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் திரும்பி வரும் நாளில்தான் அறுபது நிறைவடைகிறது. அன்று அறுபத்தொன்று பிறக்கிறது. அப்பாவுக்கு அது 2024இல் வந்த குரோதி. பெரியவர் நடப்பு வயதைச் சொல்கிறார். பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் முடிந்த வயதைச் சொல்கின்றன. குழந்தைக்கு 'மூன்று முடிந்து நான்கு நடக்கிறது' என்று சொல்லும் நம் வழக்கத்தில் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. தென்கொரியாவில் பிறந்த உடனேயே ஒன்று என்று வயது எண்ணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2023 ஜூனிலிருந்து அரசு நடைமுறைகளில் முடிந்த வயதையே கொள்வது என்று சட்டத்தால் ஒழுங்குபடுத்தினார்கள்.

ஆண்டுப் பெயரைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். சித்திரையில் தொடங்கும் ஆண்டிலிருந்து 1987ஐக் கழியுங்கள். அந்த ஆண்டுதான் பிரபவ. 2024இல் கழித்தால் 37. பிரபவவிலிருந்து 37 ஆண்டு தள்ளி இருப்பது பட்டியலில் 38ஆவதான குரோதி. பார்த்தீர்களா, இங்கும் பூஜ்யம்தான் தொடக்கம்.

அறுபது தாண்டியதும் பெயர்கள் மறுபடி முதலிலிருந்து வருவதால், ஒரு பழைய ஓலையில் 'குரோதி' என்று மட்டும் இருந்தால் எந்தக் குரோதி என்று தெரியாது. அரசர் பெயரோ சக ஆண்டோ துணைக்கு வேண்டும். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சேமித்துவிட்டு, 2000 நெருங்கியபோது உலகமெங்கும் நிரலாளர்கள் பதறியதும் இதே சிக்கலால்தான்.


15ஆம் தேதி 00.10 மணி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போன என் சித்தப்பா, வண்டி நேற்றே போய்விட்டது என்று கேட்டு நொந்துபோனார். இது யாருடைய தவறு?
– ஒரு வாசகி, விருதுநகர்

நாம் இரவு என்று நினைப்பது சாயங்காலம் தொடங்கி விடியும் வரை நீளும் ஒரே துண்டு. கடிகாரம் அதை நடுவில் வெட்டுகிறது. 00.10 என்பது 15ஆம் தேதி பிறந்து பத்தே நிமிடமான நேரம். ஆகவே 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ரயில்வே பயன்படுத்தும் 24 மணிக் கணக்கில் குழப்பமே இல்லை; நாள் பூஜ்யத்தில் தொடங்கி 23.59இல் முடிகிறது. நம் சுவர்க் கடிகாரத்தில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 12 உட்கார்ந்திருப்பதால்தான் 12.30க்குப் பிறகு 1 மணி வருகிறது.

ஆனாலும் உங்கள் சித்தப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 00.00 முதல் 01.00 வரை புறப்படும் வண்டிகளுக்கான டிக்கெட்டில் 'முந்தின நாள் இரவே வரவும்' என்று ஒரு வரி அச்சடித்தால் எத்தனையோ குடும்பங்கள் அலையாமல் தப்பும். டிக்கெட் மென்பொருளில் அது சின்ன வேலை.


64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுகிறது. மீதியைக் கடைக்காரர் வைத்துக்கொண்டாரா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஈரோடு

யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் (சேமிப்பை அளக்கும் சிறு அலகு) என்று எண்ணுகிறார். உன் கணினி 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. 6,400 கோடியை அந்த எண்ணால் வகுத்துப் பார், 59.6 வரும். ஒரு டிபி வட்டில் 931 என்று காட்டுவதும் இதனால்தான்.


மாணவர் ஒருவர் எழுதிய நிரல், 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து எழுத்து இருப்பதாகச் சொல்கிறது. மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கணினிக்குத் தமிழ் தெரியாதா?
– தமிழாசிரியர், திருநெல்வேலி

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்.

கணினி எண்ணியது எழுத்தை அல்ல, குறியீடுகளை. 'தமிழ்' என்பது அதன் நினைவில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து துண்டுகளாக இருக்கிறது. இந்தத் துண்டுகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஆகவே பைட் கணக்கு கேட்டால் 15 என்று சொல்லும். மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய மூன்றுமே சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு. மொபைல் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம் என்று இருப்பதும், அந்த எழுபதில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதும் இதனால்தான்.

நீங்கள் வகுப்பில் நடத்தும் இலக்கணத்துக்கு இது நேர் எதிரானது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நமக்கு 'க்' அடிப்படை. அதோடு 'அ' சேர்ந்தால் 'க'. கணினிகள் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'க' அடிப்படை. அதன் மேல் புள்ளியைச் சேர்த்தால் 'க்'. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்த இஸ்கி என்ற குறியீட்டு முறையின் 1988 வடிவத்தை யுனிகோடு பின்பற்றியதன் விளைவு இது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010இல் அங்கீகரித்தது. ஆனால் உலகம் முழுவதும் புழங்குவது யுனிகோடே. இனி அதோடு வாழத்தான் வேண்டும்.

இதன் விளைவை மாணவர்களுக்குக் காட்ட ஒரு சோதனை சொல்கிறேன். 'விகடகவி'யைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வி-க-ட-க-வி, எப்படி வாசித்தாலும் ஒன்று. கணினியோ வ, இகரக் கொக்கி, க, ட, க, வ, இகரக் கொக்கி என்ற ஏழு துண்டுகளைத் தலைகீழாக அடுக்கும். முதலில் எந்த எழுத்தோடும் ஒட்டாமல் ஒரு கொக்கி தனியே தொங்கும், பிறகு 'வகடகிவ' என்று வரும். கடைசிக்கு முந்தின 'க', யாரோ ஒருவருடைய கொக்கியைப் பறித்துக்கொண்டு 'கி' ஆகியிருக்கும். சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடிய மொழிக்கு இது வருத்தமான நிலை.

வழி இருக்கிறது. கொக்கியையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒரே அலகாக எண்ணும் விதிகளை யுனிகோடே வகுத்திருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி அந்த விதிப்படியே எண்ணுவதால் 'தமிழ்' அதற்கு மூன்றுதான். பைத்தான் போன்ற மொழிகளில் தனியே ஒரு துணை நிரலைச் சேர்க்க வேண்டும். அப்போதும் 'க்ஷ' இரண்டாகவே எண்ணப்படும். அதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாணவரிடம் அடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். 247 எழுத்தையும் சரியாக எண்ணும் நிரல் ஒன்றைத் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.


0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்கிறதாமே? அப்படியானால் வங்கிக் கணக்கை எப்படி நம்புவது?
– மளிகைக் கடைக்காரர், தஞ்சாவூர்

கணினி இரண்டால் மட்டுமே வகுத்துப் பழகியது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் போனால் அதற்குச் சிக்கலே இல்லை. பத்தில் ஒன்று என்று கேட்டால்தான் திணறும். மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று முடிவில்லாமல் எழுதுவதைப் போல, 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் இரும எண்ணில் பத்தில் ஒன்று முடியாமல் நீண்டுகொண்டே போகும். எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். அந்த வெட்டின் மிச்சம்தான் கடைசியில் தெரியும் அந்த 4. வங்கி மென்பொருள் பணத்தை இப்படி வைப்பதில்லை. காசாக மாற்றி முழு எண்ணாகவோ, பத்தின் அடிப்படையிலான தசம எண்ணாகவோ வைக்கும். உங்கள் பணத்துக்கு ஆபத்தில்லை.

தஞ்சாவூரிலிருந்து கேட்டிருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. என் அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். மா, காணி என்றெல்லாம் வாய்ப்பாடாகச் சொல்வார். மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையுமே கணினியால் முழுதாகச் சேமிக்க முடியாது, வெட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் மாகாணி பதினாறில் ஒன்று. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16 என்பதால், கணினிக்கு அது மிகச் சுத்தமான எண். 0.05ஐயும் 0.0125ஐயும் கூட்டிப் பாருங்கள்; துளி மிச்சமில்லாமல் 0.0625 வரும். முதல்முறை இதைத் திரையில் பார்த்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினாறில் ஒன்று எப்படிப் பிசகும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.


ஜாவாஸ்கிரிப்டில் மாதத்துக்கு 9 என்று கொடுத்தால் அக்டோபர் வருகிறது. நாளுக்கு 1 கொடுத்தால் 1ஆம் தேதியே வருகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– புதிதாக வேலையில் சேர்ந்தவர், கோயம்புத்தூர்

'சி' மொழியிலிருந்து ஜாவா வழியாக வந்த பரம்பரைச் சொத்து. மாதத்துக்குப் பெயர் உண்டு. பன்னிரண்டு பெயர்களின் பட்டியலில் எடுக்க வசதியாக ஜனவரியைப் பூஜ்யமாக்கினார்கள். தேதிக்குப் பெயர் கிடையாது, எண்ணே பெயர். அதனால் அது ஒன்றிலேயே நின்றுவிட்டது. கிழமைகளும் மாதங்களைப் போலத்தான், ஞாயிறு பூஜ்யம். காரணம் இருக்கிறது என்றாலும் எனக்கு இது பிடிக்கவில்லை.


எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் 'புதிய எண், பழைய எண்' என்று இரண்டு இருக்கின்றன. கூரியர்காரர் தினமும் தப்பான வீட்டு மணியை அடிக்கிறார். நிரலாளராக நீங்கள் இதற்கு என்ன செய்வீர்கள்?
– மூத்த குடிமகன், சென்னை

முதல் வேலையாக, கொடுத்த எண்ணை மாற்றவே மாட்டேன். ஒரு வீட்டுக்கு எண் கொடுத்த நொடியிலிருந்து அது வரிசை எண் அல்ல, பெயர். பத்திரத்தில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் ஏறிவிடுகிறது. நடுவில் புது வீடு முளைத்தால் 7ஏ என்று கொடுக்கலாம். சென்னை சென்ட்ரலில் இரண்டாம் நடைமேடைக்கும் மூன்றாம் நடைமேடைக்கும் இடையே 2ஏ இருக்கிறதே, அப்படி. நாங்கள் பேசிக் மொழி படித்தபோது வரிகளுக்கு 10, 20, 30 என்று இடம் விட்டே எண் போடச் சொல்வார்கள். பிறகு 15ஐச் செருக வசதி.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழையது புதியதற்குள் தெரியும்படி மாற்ற வேண்டும். 2010 டிசம்பரில் ரயில்வே நான்கிலக்க வண்டி எண்களை ஐந்திலக்கமாக்கியபோது 2637ஆக இருந்த பாண்டியன் எக்ஸ்பிரஸ் 12637 ஆனது. பழைய எண் மனப்பாடமாக இருந்தவர் யாரும் சிரமப்படவில்லை. உங்கள் தெருவில் புதிய 12 வேறொரு வீட்டின் பழைய 12ஆக இருப்பதுதான் கோளாறு. இப்போதைக்கு முகவரியில் இரண்டு எண்ணையும் எழுதி, எது எது என்று சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் கோடு போட்டு '12/7' என்று எழுதாதீர்கள், ஐயா. சிலர் அதைக் கதவு எண்ணும் மாடி எண்ணும் என்று வாசிக்கிறார்கள்.


விரல்விட்டு எண்ணினால் பத்துக்கு மேல் முடியாதா? என் ஆயா விரல் கோடுகளை வைத்து அதற்கு மேலும் எண்ணுகிறார்.
– ஏழாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

ஆயா கெட்டிக்காரர். கட்டை விரலை நகர்த்திக்கொண்டே மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால், விரலுக்கு மூன்று வீதம் ஒரு கையிலேயே பன்னிரண்டு வரும்.

இன்னும் மேலே போகலாம். வலது கைக் கட்டை விரலுக்கு 1, ஆள்காட்டி விரலுக்கு 2, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 8, சுண்டு விரலுக்கு 16 என்று மதிப்பு கொடு. நீட்டிய விரல்களின் மதிப்பை மட்டும் கூட்டு. கட்டை, ஆள்காட்டி, சுண்டு மூன்றும் நீண்டிருந்தால் 1, 2, 16, மொத்தம் 19. எந்த எண்ணுக்கும் ஒரே ஒரு விரல் அமைப்புதான் வரும். ஐந்தும் நீண்டால் 31. மாதத்தின் எந்தத் தேதியையும் ஒரே கையில் காட்டிவிடலாம்! இடது கையில் 32இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் 512 வரை வரும். பத்து விரலும் நீண்டால் 1023. எல்லாம் மடங்கியிருந்தால் பூஜ்யம். மொத்தம் 1024 எண்கள். பென்டிரைவ் பதிலில் வந்த அதே 1024.

மோதிர விரலை மட்டும் தனியே நீட்டுவது கடினம். கையை மேஜை மேல் கவிழ்த்து வைத்து, நீட்டுவதற்குப் பதிலாக அழுத்திப் பழகு. முதலில் 31 வரை. ஆயாவுக்கும் கற்றுக்கொடு.